கல்விச் சங்கத்துச் சுவடிகள்

நுழையும்முன்

நூலகம் என்றதும் அச்சிட்ட நூல்களே நம் நினைவுக்கு வருகின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் இயங்கிய ஒரு கல்லூரியின் நூலகத்தில் ஓலைச்சுவடிகளும் தாளில் எழுதிய கையெழுத்துப் படிகளும் நிறைந்திருந்தன. அக்கல்லூரி மறைந்துவிட்டது. அதன் சுவடிகள் மறையவில்லை. அவை எங்கிருந்து வந்தன, எவ்வாறு தப்பின, தப்பாமற் போனவை எவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்று ஒரு சாலை உள்ளது. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கான பாடநூல்களை வெளியிடும் பாடநூல் கழகத்தின் முகவரி அச்சாலையில்தான் இருக்கிறது. பெண்கள் கிறித்தவக் கல்லூரி அங்கே அமைந்திருப்பதால் சாலைக்கு அப்பெயர் வந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். அக்கல்லூரி தோன்றியது 1915ஆம் ஆண்டில். சாலையின் பெயரோ அதனினும் பழையது. அது குறிக்கும் கல்லூரி 1854ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டது. புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்பது அதன் பெயர். தமிழில் அதனைச் ‘சென்னைக் கல்விச் சங்கம்’ என்று வழங்கினர்.

அதிகாரிகளுக்கு ஒரு கல்லூரி

கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிப் பணிக்கென இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்களுக்கு இந்நாட்டு மொழி எதுவும் தெரியாது. வரி தண்டவும் வழக்குக் கேட்கவும் அவர்கள் மொழிபெயர்ப்பாளரையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றுவதற்காக 1812ஆம் ஆண்டில் கல்விச் சங்கம் தொடங்கப்பெற்றது. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழறிஞர்கள் எல்லீசன் எனத் தமிழ்ப்படுத்தி அழைப்பது இவரையே. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய தென்னாட்டு மொழிகளோடு வடமொழி, இந்துஸ்தானி, பாரசீகம், அரபு ஆகியவையும் அக்கல்லூரியின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

பாடம் சொல்லப் புலவர்கள் இருந்தனர். ஆனால் பாடநூல்கள் இல்லை. தமிழ்நாட்டில் அச்சுக்கலை அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடியில் வேரூன்றியிருந்தது. எனினும் அச்சான தமிழ் நூல்களுள் மிகப் பெரும்பாலானவை சமயப் பரப்புரைக்கு உரியவை. திருக்குறளே 1812ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக அச்சேறியது. இலக்கணம், நிகண்டு, நீதிநூல், காப்பியம், கணக்கு, மருத்துவம் யாவும் ஓலையில் இருந்தன. எனவே இம்மொழிகளைக் கற்பிக்க முனைந்த எவரும் முதலில் சுவடிகளைத் தேட வேண்டியிருந்தது. கல்லூரிக்கு ஒரு நூலகமும், கற்பிக்கத் தக்க நூல்களை வெளியிட ஓர் அச்சுக்கூடமும் அமைந்தன.

சுவடிகள் எத்தகையோர் வழியாக வந்தன என்பதற்கு ஒரு செய்தியைக் குறிப்பிடலாம். ஆங்கிலேய அதிகாரி ஆரிங்டன் என்பவரிடம் சமையற் பணியில் இருந்த கந்தப்பன் என்பவர் தம் வீட்டில் இருந்த திருக்குறள், நாலடியார் ஓலைச்சுவடிகளை எல்லிஸிடம் சேர்ப்பித்தார் என்று அவர்தம் பேரர் அயோத்திதாசப் பண்டிதர் தம்முடைய இதழில் எழுதியுள்ளார். மடங்களும் அரண்மனைகளும் மட்டுமே சுவடிகளைப் பேணின என்னும் எண்ணத்தை மாற்றிக்கொள்ள இச்செய்தி ஒன்றே போதும்.

கல்லூரியில் பணியாற்றிய முத்துசாமிப் பிள்ளையை எல்லிஸ் 1816ஆம் ஆண்டில் தென்மாவட்டங்களுக்கு அனுப்பினார். வீரமாமுனிவர் இயற்றிய நூல்களின் படிகளைத் தேடிக் கொணர்வது அப்பயணத்தின் நோக்கம். முனிவர் மறைந்து அப்போது எழுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்குள் அவர் நூல்கள் ஊர் ஊராகத் தேடிச் சேர்க்க வேண்டிய நிலையை அடைந்திருந்தன. தேடிச் சென்ற முத்துசாமிப் பிள்ளை சுவடிகளோடு செய்திகளையும் திரட்டினார். அவற்றைக் கொண்டு அவர் 1822இல் எழுதிய வீரமாமுனிவர் வரலாறு, தமிழ் உரைநடையில் எழுந்த தொடக்ககால வாழ்க்கை வரலாற்று நூல்களுள் ஒன்று.

வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் எழுதி முடிக்கப்பட்டது. அது கல்விச் சங்கத்து அச்சுக்கூடத்தில் அச்சான ஆண்டு 1824. இடைப்பட்ட தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளும் அந்நூல் எழுத்தாணியை நம்பியே உயிர்வாழ்ந்தது. அவர் இலத்தீன் மொழியில் எழுதிய செந்தமிழ் இலக்கணத்தைப் பாபிங்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அதுவும் 1822இல் அதே அச்சுக்கூடத்தில் வெளிவந்தது. கல்லூரியின் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் வந்தது. மாணவர் படிக்கும் பொருட்டு எளிய உரைநடையில் அச்சிடப்பட்ட இந்நூல்களே இன்று கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காக்கப்படும் அரிய நூல்கள் ஆகிவிட்டன. பாடநூலை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. படித்து முடித்ததும் அது பழந்தாளாகிவிடுகிறது. அக்காலப் பாடநூல்கள் இவ்வளவு அரியனவாக ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓலையைப் படித்தல்

அக்கல்லூரியின் நூலகத்தில் ஒரு சுவடிக் கட்டை எடுத்துப் பிரித்தவர் எதைக் கண்டிருப்பார்? சுவடியின் மேலும் கீழும் மரச்சட்டங்கள். ஓலைகளில் இட்ட துளைவழியே செல்லும் ஒரு கயிறு. கயிற்றின் முனை உருவிப் போகாதவாறு ஓலைத்துண்டைக் கிள்ளி முடிந்திருப்பர்; அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். சில சுவடிகளில் கயிற்றோடு நாராசம் என்னும் உலோகக் கம்பியும் செருகியிருக்கும்.

பனங்குருத்தோலையை நறுக்கி, ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்து ஏடு செய்தனர். நாட்டுப்பனையின் ஓலை தடிப்பானது. தாளிப்பனையின் ஓலை மெல்லியது, அகலமும் கூடியது. எழுதுபவர் ஏட்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு எழுத்தாணியால் கீறுவார். கீறிய எழுத்து நிறமற்றது. விளக்குக்கரி, மஞ்சள், ஊமத்தை இலைச்சாறு போன்றவற்றைக் கலந்து தடவித் துடைத்தால் கீறலுக்குள் மை தங்கி எழுத்துத் தெளியும். ஏடு நீரில் நனையாமலும் பூச்சி அரிக்காமலும் இருந்தால் முந்நூறு, நானூறு ஆண்டுகள் நிற்கும். அதற்கு மேல் நிற்பது அரிது. இன்று நம் கையில் இருக்கும் சங்க இலக்கியச் சுவடிகள்கூடப் பிற்கால நூற்றாண்டுகளில் பெயர்த்தெழுதப்பட்ட படிகளே. ஒரு நூல் இரண்டாயிரம் ஆண்டு வாழ வேண்டுமானால் ஒவ்வொரு சில நூற்றாண்டுக்கும் ஒருமுறை யாரேனும் ஒருவர் அமர்ந்து அதை முதலிலிருந்து இறுதிவரை எழுதியிருக்க வேண்டும். ஒரு தலைமுறை தவறினால் நூல் இல்லை.

ஓலையில் எழுத்துகளைப் படிப்பது தனித்திறன். மெய்யெழுத்துகளுக்குப் பொதுவாகப் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. எனவே ‘எடு’ என்று எழுதியிருப்பது எடு என்னும் ஏவலா, ஏடு என்னும் பெயரா என்பதை இடம் நோக்கியே உணர வேண்டும். ‘கொல’ என்று காணப்படுவதைக் கொல் என்றும் கோல் என்றும் கொல என்றும் படிக்க இயலும். ஆகார உயிர்மெய்க்கு இடும் காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். ஆதலால் ‘காடு’ என்பதும் ‘கரடு’ என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றும். பாட்டாயின் சீரும் தளையும் எதுகையும் துணைசெய்யும். உரைநடையாயின் பொருள் ஒன்றே வழிகாட்டி. ஏகார ஓகாரங்களைத் தனியே அறியும்படி வீரமாமுனிவர் செய்த எழுத்து மாற்றத்தின் அருமை, ஓர் ஏட்டைப் படித்துப் பார்த்தவருக்கே முழுதும் விளங்கும்.

சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. பாட்டாயினும் அடிபிரித்து எழுதும் வழக்கம் இல்லை. ஏட்டின் எண், இடப்புற ஓரத்தில் தமிழ் எண்ணால் குறிக்கப்பட்டிருக்கும். சுவடியின் இறுதியில் படியெழுதியவர் தம் பெயரையும் ஊரையும் எழுதி முடித்த நாளையும் குறிப்பதுண்டு. அந்நாளைக் கொண்டு சுவடியின் காலத்தை அறியலாம் என்று மகிழ்ந்தால் அங்கும் ஓர் இடர். ஆண்டின் பெயர் அறுபது ஆண்டுச் சுழற்சியில் வருவது. ‘விகிர்தி ஆண்டு சித்திரை மாதம்’ என்றால் அது 1770ஆகவும் இருக்கலாம், 1830ஆகவும் இருக்கலாம். தென்பாண்டிச் சுவடிகளில் கொல்லம் ஆண்டு சேர்ந்து குறிக்கப்பட்டிருந்தால் ஆய்வாளர் தப்பித்தார். கொல்ல ஆண்டோடு 825ஐக் கூட்டிக் காலத்தைக் கண்டுகொள்ளலாம்.

மெக்கன்சியின் தொகுப்பு

கல்விச் சங்க நூலகத்தைப் பெருநூலகமாக ஆக்கியவை, கல்லூரிக்கு வெளியே மூவர் திரட்டிய தொகுப்புகள். அவற்றுள் மிகப் பெரியது காலின் மெக்கன்சியினுடையது.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள லூயிஸ் தீவில் பிறந்த மெக்கன்சி 1783ஆம் ஆண்டில் படைப்பொறியாளராகச் சென்னைக்கு வந்தார். நிலஅளவைப் பணியில் தென்னாடு முழுவதும் சுற்றினார். 1815இல் இந்தியா முழுமைக்கும் தலைமை நிலஅளவையாளர் ஆனார். செல்லும் ஊர்களில் எல்லாம் கோயில் வரலாறு, குறுநில மன்னர் மரபு, ஊர்க்கணக்கு, கல்வெட்டு, நாணயம் எனக் கண்டவற்றைத் திரட்டினார். இதில் வியப்பு என்னவென்றால், அவருக்கு இந்நாட்டு மொழிகளில் தேர்ச்சி இல்லை. தாம் திரட்டியவற்றைத் தாமே படிக்க இயலாத ஒருவர் திரட்டிய தொகுப்பு அது.

படித்தவர்களும் திரட்டியவர்களும் அவருடைய உதவியாளர்களே. காவலி வேங்கட போரய்யா, இலட்சுமய்யா, இராமசாமி என்னும் தெலுங்குச் சகோதரர்கள் அவர்களுள் தலையாயவர்கள். இளமையிலேயே 1803இல் மறைந்த போரய்யாவின் துணையால்தான் இந்நாட்டு அறிவுக்குள் நுழையும் வாயில் தமக்குத் திறந்தது என்று மெக்கன்சி நன்றியோடு குறித்துள்ளார். உதவியாளர்கள் ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் கேட்டு எழுதினர், கல்வெட்டுகளைப் படியெடுத்தனர், ஓலைச்சுவடிகளைப் பெற்றோ பெயர்த்தெழுதியோ அனுப்பினர். ஊர் வரலாறாகத் தொகுக்கப்பட்ட இவ்வறிக்கைகள் ‘கைபீது’ எனப்பட்டன. பணி எளிதாக இல்லை. நிலத்தை அளக்கும் அதிகாரியின் ஆள் வந்து பழைய பட்டயத்தைக் காட்டு என்றால், வரியைக் கூட்டுவதற்கோ மானியத்தைப் பறிப்பதற்கோ என்று ஊரார் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சம் முற்றிலும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. அரசு ஊரை அறிய விரும்புவது பெரும்பாலும் ஊரின்மேல் உள்ள அன்பினால் அன்று.

மெக்கன்சி 1821ஆம் ஆண்டில் கல்கத்தா அருகே காலமானார். அவர் தொகுப்பைக் கும்பினி அரசு அவர் மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. அதற்கு வில்சன் என்பவர் 1828இல் வெளியிட்ட பட்டியலின்படி அதில் இருந்தவை: இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, மொழிபெயர்ப்புகள் 2,159, ஓவியங்கள் 2,630, நாணயங்கள் 6,218. ஒரு பகுதி இலண்டனுக்குச் சென்றது. தென்னாட்டு மொழிகளில் அமைந்த சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. அவை முதலில் சென்னை இலக்கியச் சங்கத்தின் பொறுப்பில் இருந்து, பின்னர்க் கல்லூரி நூலகத்தை அடைந்தன.

இலண்டன் சென்று மீண்ட சுவடிகள்

இரண்டாவது தொகுப்பு ஜான் லெய்டன் என்பவருடையது. மருத்துவரும் பன்மொழி அறிஞருமான அவர் 1803ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். சில ஆண்டுகளில் தென்னாட்டுச் சுவடிகள் பலவற்றைச் சேர்த்தார். 1811இல் ஜாவாத் தீவில் இறந்தார். அவர் சேர்த்த சுவடிகள் இலண்டனில் கும்பினியின் தலைமையகத்து நூலகத்தில் போய் அடைந்தன. அங்கே அவற்றைப் படிப்பார் இல்லை.

அவற்றை மீட்டவர் சார்லஸ் பிலிப் பிரவுன். இவர் கல்விச் சங்கத்தில் 1817ஆம் ஆண்டில் சேர்ந்து தெலுங்கு படித்த மாணவர். தெலுங்கு இலக்கியத்துக்கு இவர் ஆற்றிய தொண்டு அம்மொழியினரால் இன்றும் போற்றப்படுகிறது. கடப்பையில் தம் வீட்டில் புலவர்களையும் படியெழுதுவோரையும் சம்பளம் கொடுத்து அமர்த்தினார். ஒரு நூலுக்குக் கிடைக்கும் படிகளையெல்லாம் திரட்டி, பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, திருந்திய படி ஒன்றை எழுதுவித்தார். அதற்காகக் கடன்பட்டார் என்பதும் உண்மை. 1830களில் இலண்டனில் தங்கியிருந்தபோது, லெய்டனின் சுவடிகள் பயனின்றிக் கிடப்பதைக் கண்டு, அவற்றைச் சென்னைக்கு அனுப்பச் செய்தார். பின்னர்த் தம்முடைய சொந்தத் தொகுப்பையும் வழங்கினார். இவ்வாறு மெக்கன்சி, லெய்டன், பிரவுன் ஆகிய மூவருடைய தொகுப்புகளும் ஒரு கூரையின்கீழ் வந்தன.

என்னென்ன இருந்தன?

சுவடி வந்து சேர்ந்ததனால் மட்டும் பயன் விளைவதில்லை. ஆயிரக்கணக்கான கட்டுகள் அடுக்கப்பட்ட அறையில், எந்தக் கட்டில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்நூல் இருந்தும் இல்லாததே. ஓலைச்சுவடிக்கு முகப்புப் பக்கம் இல்லை. முதல் ஏடுகள் உதிர்ந்திருந்தால் நூலின் பெயரே தெரியாது. ஒரே கட்டில் நீதிநூல் ஒன்றும், அதன்பின் சோதிடமும், அதன்பின் வீட்டுக் கணக்கும் இருக்கும். ஓலை வீணாகக் கூடாது என்று எண்ணிய சிக்கனத்தின் விளைவு அது.

பட்டியலிடும் பணியை மேற்கொண்டவர் வில்லியம் டெய்லர் என்னும் சமயத் தொண்டர். 1830களின் இறுதியிலேயே அவர் மெக்கன்சி தொகுப்பை ஆராய்ந்திருந்தார். அப்போது அவர் கண்டது நம் எதிர்பார்ப்புக்கு மாறானது. புதியனவாகிய தாட்சுவடிகளே மிகவும் கெட்டிருந்தன. மட்டமான மை மங்கி எழுத்து வெளிறியிருந்தது. தாளைப் பூச்சி துளைத்திருந்தது. எழுதி முப்பது, நாற்பது ஆண்டுகளே ஆன தாட்சுவடிகளை மீண்டும் பெயர்த்தெழுதுவித்துக் காக்க வேண்டியதாயிற்று. அவற்றினும் பழைய ஓலைகள் பல நன்னிலையில் இருந்தன. ஓலையில் எழுத்து கீறப்படுவது. மை போனாலும் கீறல் போகாது.

டெய்லரின் விளக்கப் பட்டியல் 1857, 1860, 1862 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதியின் தலைப்பிலேயே ‘மறைந்த கல்லூரியின் நூலகம்’ என்னும் பொருள்படும் தொடர் உள்ளது. அதற்குள் கல்லூரி மூடப்பட்டிருந்தது. அதன் இடத்தில் அமைந்த தேர்வுக் குழுவின் பொறுப்பில் சுவடிகள் இருந்தன. வடமொழி, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி ஆகிய மொழிச் சுவடிகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வடமொழி நூல்களும் கிரந்தத்தில் ஒன்று, தெலுங்கெழுத்தில் ஒன்று, நாகரியில் ஒன்று எனப் பல எழுத்துகளில் இருந்தன. ஒவ்வொரு சுவடிக்கும் பொருட்சுருக்கம் எழுதி, இறுதியில் அதன் உருவத்தையும் உடல்நிலையையும் குறித்தார். நீண்டது அல்லது குறுகியது, தடிப்பானது அல்லது மெல்லியது, பழுதற்றது அல்லது பூச்சி அரித்தது என்று அக்குறிப்புகள் மருத்துவர் நோயாளியைப் பார்த்து எழுதியவை போல இருக்கும்.

நூல்களின் மதிப்பைப் பற்றி டெய்லர் கூறிய கருத்துகள் பலவற்றைப் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை. தம் சமயப் பார்வையை அவர் மறைத்துக்கொண்டதும் இல்லை. தமக்கு விளங்காத நூலைத் தாழ்த்தி எழுதிய இடங்களும் உண்டு. ஆனாலும் அப்பட்டியல் இல்லாதிருந்தால் அடுத்த தலைமுறைக்கு அச்சுவடிகளின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

அப்பட்டியல்களில் இலக்கண இலக்கியங்களுக்கு இணையாகத் தலபுராணங்களும் மருத்துவ நூல்களும் சோதிடமும் பாளையக்காரர் வமிசாவளிகளும் ஊர்க் கைபீதுகளும் இடம்பெறுகின்றன. புலமை நோக்கில் இவற்றுட் பலவற்றுக்கு இலக்கியம் என்னும் தகுதி கிடையாது. கொச்சை நடை, சந்திப் பிழை, எழுத்துப் பிழை. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் ஊரில் நீர் எவ்வாறு பங்கிடப்பட்டது, எந்தக் குடி எங்கிருந்து வந்து குடியேறியது, மக்கள் எவ்வாறு பேசினர் என்பவற்றைக் காப்பியங்கள் சொல்லா. கொங்கு நாட்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் எடுத்தாண்ட ‘கொங்குதேச ராசாக்கள்’ என்னும் உரைநடை நூல் மெக்கன்சி தொகுப்பில் இருந்து கிடைத்ததே. அதில் கூறப்படும் காலக்கணக்கு முழுவதையும் நம்ப இயலாது. கல்வெட்டுகளோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

எல்லிஸின் தாள்கள்

இந்நூலகத்துக்கு வந்திருக்க வேண்டியதும் வாராமற் போனதும் ஒன்று உண்டு. அது எல்லிஸ் எழுதி வைத்தவை.

தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்பதை எல்லிஸ் சான்றுகளோடு நிறுவினார். கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு அவர் வரைந்த முன்னுரையில் அக்கருத்து 1816ஆம் ஆண்டில் கல்விச் சங்கத்து அச்சுக்கூடத்தில் அச்சாயிற்று. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அம்முன்னுரையோ ஒரு தெலுங்கு இலக்கண நூலுக்குள் அடங்கிக் கிடந்ததனால் பலர் கண்ணிற் படவில்லை. திருக்குறளுக்கு அவர் எழுதத் தொடங்கிய விளக்கவுரையும் நிறைவுறாமலே அச்சானது.

நாற்பது வயது வரை கற்பது, அதன்பின்பே வெளியிடுவது என்று எல்லிஸ் உறுதி கொண்டிருந்தாராம். 1819ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இராமநாதபுரத்தில், நாற்பதைக் கடந்த சில காலத்திலேயே, எதிர்பாராத வகையில் உயிர் நீத்தார். அவருடைய உடைமைகள் கடனுக்காக ஏலம் விடப்பட்டன. விலைபோகும் பொருள்கள் விலைபோயின. பல்லாண்டு உழைத்து எழுதிய தாள்களை யாரும் ஏலம் கேட்கவில்லை. மதுரையில் அதிகாரி ஒருவரின் மாளிகையில் கிடந்த அத்தாள்கள், அங்கிருந்த சமையற்காரருக்கு அடுப்பு மூட்டவும் கோழியின் மயிரைத் தீயில் பொசுக்கவும் மாதக்கணக்கில் பயன்பட்டன என்று வால்டர் எலியட் எழுதியுள்ளார்.

கந்தப்பன் என்னும் சமையற் பணியாளர் கொண்டுவந்த சுவடிகளையும், இன்னொரு சமையலறையில் எரிந்த தாள்களையும் அடுத்தடுத்து எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடுப்பில் இட்டவரைக் குறைகூறுவதற்கும் இல்லை. அது இன்னது என்று அவருக்குச் சொல்வார் யாரும் இலர்.

எஞ்சியவற்றுட் சிலவற்றை எலியட் சேர்த்து ஜி.யு. போப்பிடம் அளித்தார். போப் அவற்றை ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் வைத்தார். தாமஸ் டிரவுட்மன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் அவற்றையும் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் நூல் எழுதிய பிறகே, எல்லிஸ் கண்ட உண்மையின் முழு அளவு உலகுக்குத் தெரிந்தது.

கல்லூரிக்குப் பின்

1854இல் கல்லூரி மூடப்பட்ட பின்னர்ச் சுவடிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த பிக்ஃபோர்டு என்பவரின் முயற்சியால் 1869ஆம் ஆண்டில் அவை தனி நூலகமாக உருப்பெற்றன. அதுவே இன்றைய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம். மாநிலக் கல்லூரியின் வடமொழிப் பேராசிரியரே சில காலம் அதன் பொறுப்பாளராகவும் இருந்தார். அவ்வாறு பொறுப்பேற்ற குஸ்தவ் ஆப்பெர்ட் என்னும் செருமானியர், தனியார் வீடுகளிலும் மடங்களிலும் இருந்த வடமொழிச் சுவடிகளுக்கும் பட்டியல் தயாரித்து 1880, 1885 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். அவர் பட்டியலில் காணப்படும் சுவடிகள் எல்லாம் இன்று கிடைக்கவில்லை. சுவடி அழிந்து பட்டியல் மட்டும் எஞ்சிய இடங்கள் அவை.

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் தம் முன்னுரையில் தாம் ஒப்பிட்ட படிகளைப் பட்டியலிடுவர். ஊர்ப் புலவர் வீட்டுப் படி, மடத்துப் படி என்னும் வரிசையில் ‘சென்னை அரசாங்கக் கையெழுத்துப் புத்தகசாலைப் பிரதி’ என்னும் தொடரும் பல பதிப்புகளில் வரும். இந்நூலகத்துப் படிகளையே அத்தொடர் குறிக்கிறது. தனியார் வீட்டுச் சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டதையும் நெருப்பில் இடப்பட்டதையும் உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் வருந்திக் கூறுகிறார். அவ்வாறு நேர்ந்த காலத்தில், பட்டியலில் எண் பெற்றுவிட்ட சுவடி ஒன்றை எவரும் எளிதில் ஆற்றில் விட்டுவிட முடியாது. எண் இருந்தால் அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். காணவில்லை என்றால் கேள்வி எழும்.

இந்நூலகம் இப்போது கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்குகிறது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் அங்கு உள்ளன. எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி ஏடுகளின் நெகிழ்வைக் காக்கின்றனர். உடைந்த ஏடுகளை மெல்லிய தாள் ஒட்டிச் செப்பனிடுகின்றனர். மின்படிமம் எடுக்கும் பணியும் நடைபெறுகிறது. மின்படிமம் எடுத்த சுவடியை அடிக்கடி கையில் எடுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். முன்பு நாம் கண்ட ‘காடு’, ‘கரடு’ என்னும் குழப்பம் திரையிலும் அப்படியே இருக்கும். சுவடியியலைப் பட்டயப் படிப்பாக வழங்கும் நிறுவனங்கள் தமிழ்நாட்டில் உள்ளன. மேனிலைக் கல்வி முடித்தோர் அதிற் சேரலாம்.

நூலகத்தில் ஆய்வாளர் ஒருவர் பட்டியலைப் பார்த்து எண்ணை எழுதிக் கொடுத்தால் சுவடிக் கட்டு மேசைக்கு வரும். மெக்கன்சிக்காக எழுதப்பட்ட ஊர் வரலாறு ஒன்றை அவர் கேட்டிருந்தால், பழந்தாளில் நெருக்கமாக எழுதிய பக்கங்கள் அவர்முன் இருக்கும். யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரியும். எந்த ஊர் என்பதும் தெரியும். சொன்ன முதியவர் பெயரும் எழுதியவர் பெயரும் சில படிகளில் இருக்கும், பலவற்றில் இரா.